காகிதம் எந்தத் தொட்டிக்கு?



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தோம். வீட்டில் எந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எந்தத் தொட்டியில் போடுவது?" என்று ஒரு நிமிடம் நிற்கிறீர்களோ, அந்தப் பொருளைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று கேட்டிருந்தோம். வந்திருக்கிறது. முன்வரிசையில் ஒரு அம்மாவின் மடியில் தீர்ந்துபோன டூத்பேஸ்ட் டியூப் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மாத்திரை அட்டை வைத்திருக்கிறார். ஜன்னலோரம் ஒரு தம்பி உடைந்த டியூப்லைட்டைத் துணியில் சுற்றி, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பத்திரமாகக் கீழே வையுங்கள், தம்பி. அதற்கும் வருகிறேன்.

இன்று நான் பேச வந்த பொருள் இதுதான். காலையில் வாசலுக்கு வரும் குப்பை வண்டி எதை ஏற்றுக்கொள்ளும், எதை ஏற்றுக்கொள்ளாது? சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் தினமும் காலையில் எழும் கேள்வி இது. தினமும் விடை கிடைக்காமல் போகும் கேள்வியும் இதுதான்.

முதலில் ஒரு சோதனை. பழைய செய்தித்தாள் மக்கும் குப்பையா, மக்காத குப்பையா? மக்கும் என்பவர்கள் கை தூக்குங்கள். பாதிக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். மக்காது என்பவர்கள்? பத்துப் பதினைந்து கைகள்தான். அவற்றிலும் பல, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தூக்கிய கைகள்.

நண்பர்களே, பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். காகிதம் மரத்திலிருந்து வந்தது, செல்லுலோஸ், மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் தின்று மக்கச் செய்துவிடும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொன்னவன். அதனால்தான் பல மாதங்கள், கிழித்த காகிதத்தையும் அட்டையையும் பச்சைத் தொட்டியில், சாம்பார் வண்டலோடும் முருங்கைச் சக்கையோடும் சேர்த்துப் போட்டுவந்தேன். பச்சை என்றால் மக்கும், காகிதம் மக்கும், ஆகவே காகிதம் பச்சைக்கு. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

ஒருநாள் காலை, எங்கள் தெருவுக்கு வண்டியோடு வரும் அம்மா தொட்டியைக் கவிழ்க்கப் போனவர் நின்றுவிட்டார். கையை உள்ளே விட்டு, சாம்பாரில் ஊறிய ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "சார், இத ஏன் சார் இதுல போடறீங்க? இது காசு சார். நீங்க நனைச்சுட்டீங்க." அவ்வளவுதான் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று பகல் முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

அவர் சொன்னது சரி. என் வேதியியலும் சரி. இரண்டும் சரியென்றால் தவறு எங்கே இருக்கிறது? தொட்டியின் மேல் எழுதியிருக்கும் சொல்லில் இருக்கிறது.

மக்கும், மக்காத என்ற இரண்டும் மண்ணைப் பார்த்துப் பிறந்த சொற்கள். ஒரு பொருளை மண்ணில் புதைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவை விடை. ஆனால் வண்டி கேட்பது அந்தக் கேள்வியையா? இல்லை. இந்தப் பொருள் இங்கிருந்து யார் கைக்குப் போகும் என்பதுதான் வண்டியின் கேள்வி. மண்ணுக்கு ஒரு கேள்வி, வண்டிக்கு ஒரு கேள்வி. ஒன்றுக்கு உரிய விடையை மற்றொன்றின்மேல் ஒட்டிவைத்துவிட்டு, மக்களுக்குப் புரியவில்லை, மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். பழைய பருத்திப் புடவை மக்கும். தேங்காய் நார்க் கயிறு மக்கும். உடைந்த மர முக்காலியும் மக்கும். இவற்றையெல்லாம் பச்சைத் தொட்டியில் போட்டால் உரம் தயாரிக்கும் இடத்தில் என்ன செய்வார்கள்? மறுபக்கம் பாருங்கள். நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் மக்காது. தண்ணீர் பாட்டில் மக்காது. குழந்தையின் டயபரும் மக்காது. உடைந்த பல்பும் மக்காது. இந்த நான்கும் ஒரே இனமா? ஒரே தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்க வேண்டியவையா?

சரி, ஈரக் குப்பை, உலர் குப்பை என்று மாற்றிச் சொல்லலாமே என்பார்கள். சில இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் மேல். ஆனால் வெங்காயத் தோல் ஈரமா, உலர்வா? வாசலில் கூட்டிய வேப்பஞ்சருகு? பாதி ஜூஸ் மிச்சமிருக்கும் பாட்டில் ஈரம்தானே? சொல் நல்ல சொல்தான். எங்கே தவறும் என்பதைக் கூடவே சொல்லிக்கொடுக்காமல், சொல்லை மட்டும் தொட்டியில் ஒட்டினால் அது போதாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டிலேயே நகரக் குப்பைக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. 2016 ஏப்ரல் 8ஆம் தேதி வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரரிடம் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டில் சேரும் அபாயக் கழிவு. பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, ஊசி எல்லாம் இந்த மூன்றாவதில் வரும். இப்போது 2026ஆம் ஆண்டு விதிகள் ஏப்ரல் 1 முதல் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாப்கின், டயபர் போன்றவற்றுக்குத் தனி இடம். அது நல்ல மாற்றம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இரண்டே பழகாத வீட்டுக்கு மூன்று வந்தது. மூன்று காதில் விழுவதற்குள் நான்கு வந்துவிட்டது. மாற்றத்தை நம் வாசலில் வந்து சொன்னவர் யார்?

ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். எந்தத் தெரு என்பது வேண்டாம். விசில் சத்தம் கேட்டது. அந்த வீட்டு மருமகள் இரண்டு கூடைகளோடு ஓடினாள். கையில் ஒரு எண்ணெய் படிந்த பீட்சா அட்டைப் பெட்டி. "அண்ணே, இது எதுல போடறது?" வண்டிக்காரர் அடுத்த தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எதுலயாவது போடும்மா."

எதுலயாவது போடும்மா! அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு இன்னும் நூறு வீடு பாக்கி. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது தெரியுமா? மறுநாள் அந்தப் பெண் ஒரு கூடையோடு வெளியே வந்தாள். இரண்டாவது கூடையில் துணி கிளிப்புகள் போட்டுவைத்திருந்தாள். கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காத வீடு, கேட்பதை நிறுத்திவிடும்.

குப்பையைப் பிரிப்பது புதுக் கதை இல்லை. நம் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு வாடை உண்டு. கொம்யூன் பஞ்சாயத்து என்று இந்தியாவில் வேறு எங்கே சொல்கிறார்கள்? கடற்கரைச் சாலையில் நிற்கும் நகராட்சிக் கட்டடத்தை இன்றும் மேரி என்றுதானே அழைக்கிறோம்? 1880ஆம் ஆண்டு ஆணையால் நம் ஊரில் நகராட்சி அமைந்தது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1883 நவம்பரில், பாரிஸ் நகரம் அடங்கிய சேன் மாவட்டத்து நிர்வாகத் தலைவர் ஓர் ஆணை போட்டார். வீட்டுச் சொந்தக்காரர்கள் குடியிருப்போருக்கு மூடியிட்ட பெட்டிகள் கொடுக்க வேண்டும். ஒன்றா? இல்லை, மூன்று. அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. அந்த அதிகாரியின் பெயர் எழேன் பூபெல். ஊர் மக்கள் கோபத்தில் பெட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் பூபெல்தான். பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இங்கே தலையாட்டுகிறார்கள்.

நான் இந்தக் கதையைச் சொல்வது அதன் வேடிக்கைக்காக இல்லை. பூபெல் எப்படிப் பிரித்தார் என்பதைக் கவனியுங்கள். மண்ணைக் கேட்டுப் பிரிக்கவில்லை. அழுகுவது தனி. காகிதமும் கந்தலும் ஒன்றாக! ஏன்? இரண்டையும் வாங்குகிறவர் ஒருவர்; இரண்டும் காகித ஆலைக்குப் போகும் சரக்கு. பொருள் அடுத்து எந்தக் கைக்குப் போகும் என்று பார்த்துப் பிரித்தார். நூற்று நாற்பது ஆண்டுக்கு முன்னால்! ஆனால் அவரும் ஒன்றை மறந்தார். அந்தக் கைகளையே மறந்தார். பாரிஸ் தெருக்களில் கந்தல் பொறுக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பிழைப்பில் மண் விழுந்தது என்று கொதித்தெழுந்தார்கள். ஆணையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பெட்டி நிலைத்தது, மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் நிலைக்கவில்லை.

இன்றைய பிரான்சைப் பாருங்கள். அங்கேயும் இந்தக் குழப்பம் பல காலம் இருந்தது. மஞ்சள் தொட்டியில் பிளாஸ்டிக் பாட்டில் போடலாம். தயிர் டப்பா போடக்கூடாது. ஒரு ஊரில் இது சேரும், அடுத்த ஊரில் சேராது. மக்கள் அங்கேயும் கையில் டப்பாவோடு நின்றார்கள். கடைசியில் என்ன செய்தார்கள்? ஆலைகளில் பிரிக்கும் வசதியைப் பெருக்கி, 2023 ஜனவரி முதல், கண்ணாடி தவிர, பொருள் பொதிந்து வந்த உறை எதுவானாலும் மஞ்சள் தொட்டிக்கு என்று நாடு முழுவதும் ஒரே வாக்கியமாக ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் கமிகட்சு என்ற சிற்றூர் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. அங்கே அது நடக்கிறது. அந்த ஊரார் பல ஆண்டு பழகியவர்கள். நம் ஊருக்கு எது பொருந்தும்? ஒரே வாக்கியம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் வேறு. அவர்களிடம் உங்களை அழைத்துப் போகிறேன்.

நம் எல்லார் தெருவிலும் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. வாசலில் தராசு, உள்ளே இரும்பு, அட்டைக்கட்டு, பாட்டில் மூட்டை. நண்பர்களே, அது ஒரு பல்கலைக்கழகம். நான் பிளாஸ்டிக் வகைகளைப் புத்தகத்தில் படித்தேன். அங்கே இருக்கும் பையன் கையால் படித்திருக்கிறான். ஒரு கவரை எடுத்துக் காதருகே கசக்குகிறான். சலசலவென்று சத்தம் வந்தால் ஒரு மூட்டை, மெத்தென்று இருந்தால் வேறு மூட்டை. வாளித் துண்டை நகத்தால் கீறிப் பார்க்கிறான். நீரில் போட்டால் மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்க்கிறான். பக்கெட்டும் பால் கவரும் மிதக்கும். தண்ணீர் பாட்டிலும் பைப்புத் துண்டும் மூழ்கும். மூழ்கிய இரண்டையும் ஒன்றாகப் போடமாட்டான். பைப்பில் இருப்பது பிவிசி. அது பாட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உருகினால் அமிலம் கிளம்பி முழுச் சரக்கையும் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். அமிலத்தின் பெயர் அவனுக்குத் தெரியாது. கெடும் என்பது தெரியும். அவனுக்கு அது சோறு.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோண அம்புக்குறி இருக்கும். நடுவில் ஓர் எண் இருக்கும். பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் அதை என்னவென்று நினைக்கிறோம்? மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் என்று. அது உத்தரவாதம் இல்லை. சுழலும் மூன்று அம்புக்குறியை 1970இல் அமெரிக்காவில் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் ஒரு போட்டிக்காகக் காகிதப் பொருள்களுக்கென்று வரைந்தார். 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் அதே சாயலில் முக்கோணம் போட்டு, இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்ல உள்ளே 1 முதல் 7 வரை எண் வைத்தது. அது பிசினின் பெயர்; வாங்குவார் உண்டு என்ற வாக்கு அல்ல. 7 என்று போட்டிருந்தால் 'மற்றவை' என்று பொருள். மற்றவையை யார் வாங்குவார்? குறியைப் பார்த்து ஏமாந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்ததால்தான் 2013இல் அம்புக்குறியை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் போடச் சொல்லித் தர விதியையே மாற்றினார்கள். பழைய அச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, முக்கோணத்தைக் கேட்காதீர்கள். தராசைக் கேளுங்கள். தராசு எதை எடை போடுமோ, அது உலர் குப்பைக்கான நீலத் தொட்டிக்கு.

இப்போது மடியில் இருக்கும் பொருள்களைப் பார்ப்போம். ஒரு அக்கா பாண்லே பால் பாக்கெட் கொண்டுவந்திருக்கிறார். அது நல்ல சரக்கு. ஆனால் எப்போது? மூலையைக் கத்தரிக்கும்போது துண்டு தனியே விழாமல் பாதி வெட்டி, ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்தால் நல்ல சரக்கு. அலசாவிட்டால் மூன்றாம் நாள் நாறும். அதை எடுக்கிற கைதான் முகம் சுளிக்கும். வெட்டிய அந்தச் சின்ன முக்கோணத் துண்டு இருக்கிறதே, அதை உலகத்தில் யாராலும் பொறுக்க முடியாது. நேரே சாக்கடைக்குப் போகும், சாக்கடையிலிருந்து பெரிய வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து கடலுக்கு.

சிப்ஸ் பாக்கெட்? டூத்பேஸ்ட் டியூப்? இரண்டும் ஒரே குடும்பம். பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒட்டிய பல அடுக்கு. பிரிக்க முடியாததால் பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். தொடமாட்டார் என்பதற்காக வாய்க்காலில் போடலாமா? அதுவும் உலர் குப்பைக்கே. இப்படிப்பட்டவை சேர்ந்தால் சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்க முடியும். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு நகராட்சிக் குப்பை அப்படித்தான் போகிறது. அது மறுசுழற்சி இல்லை, எரிப்புதான், மறைத்துப் பேசமாட்டேன். வாங்காமல் இருப்பதுதான் அதற்கு நல்ல வழி. வாங்கிவிட்டால் உலர்வாகக் கொடுங்கள்.

பழச்சாறு வரும் அட்டைப் பெட்டி முக்கால் பங்கு காகிதம், மீதி பிளாஸ்டிக்கும் அலுமினியமும். தட்டையாக்கி உலர் குப்பையில் கொடுங்கள். டீக்கடைப் பேப்பர் கப் காகிதம்போல நடிக்கிறது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. காகிதக் கட்டில் அதைச் சேர்த்தால் கட்டின் விலை போயிற்று. கடையில் தரும் வழவழப்பான பில் சீட்டு இருக்கிறதே, அதில் மை கிடையாது, ரசாயனப் பூச்சு. அதுவும் காகிதத்தோடு சேரக்கூடாது. பீட்சா பெட்டி? அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இன்று விடை சொல்கிறேன். எண்ணெய் படாத மூடியைக் கிழித்து நீலத்தில் போடு, அம்மா. எண்ணெய் ஊறிய அடிப்பாகத்தைத் துண்டாக்கிப் பச்சையில் போடு. காகிதக் கூழ் தண்ணீரில் செய்வது. எண்ணெய் கலந்தால் கூழ் பிடிக்காது.

கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றில்லை. நம் ஊரில் பாட்டில்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் ஏற்பாட்டை, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022இல் கொண்டுவந்தார்கள். காட்டில் யானைகளின் கால் கிழிவது குறையட்டும் என்று. ஆனால் ஜன்னல் கண்ணாடியும் குடிக்கும் கண்ணாடி டம்ளரும் பாட்டில் கண்ணாடியோடு சேரக்கூடாது. கலவை வேறு. உடைந்தது எதுவானாலும் காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கையில் கொடுங்கள். தொட்டிக்குள் வீசாதீர்கள்.

தம்பி, உன் டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. அது அபாயக் கழிவு. தனியே கொடுக்க வேண்டும். மாத்திரை அட்டையில் மாத்திரை மிச்சமிருந்தால் அதுவும் அந்தப் பக்கம். வெறும் அட்டை என்றால் உலர் குப்பை. கடைசியில் ஒன்று, எல்லாரையும் ஏமாற்றும் ஒன்று. புதுச்சேரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019இல் தடை வந்தது அல்லவா? அதற்குப் பிறகு கடைகளில் ஒரு பை தருகிறார்கள். மேலே 'மக்கும் பை' என்று பச்சை எழுத்து. பச்சை எழுத்தைப் பார்த்துப் பச்சைத் தொட்டியில் போடுவோமா? தரச் சான்று பெற்ற பையாக இருந்தாலும் அது மக்குவதற்குப் பெரிய உரக்கூடத்தின் சூடும் ஈரமும் பல வாரமும் வேண்டும். நம் வீட்டு மண்தொட்டியில் அது ஏமாற்றிக்கொண்டு கிடக்கும். பிளாஸ்டிக் மூட்டையில் போய்விட்டால் அங்கே உருக்கும் சரக்கைக் கெடுக்கும். பச்சைக்கும் ஆகாது, நீலத்துக்கும் ஆகாது! துணிப்பை ஒன்று கையில் இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நாப்கின், டயபர், காயத்துக்குப் போட்ட கட்டு. நாம் பேசத் தயங்கும் குப்பை இது. பேசத் தயங்குவதால் கறுப்புக் கவரில் போட்டு முடிச்சிட்டு ஏதோ ஒரு தொட்டியில் திணித்துவிடுகிறோம். மறுமுனையில் ஒரு பெண் அந்த முடிச்சை அவிழ்க்கிறாள். உள்ளே பாட்டில் இருக்குமோ, பால் கவர் இருக்குமோ என்று. பிறகு அதே கையால் சோறு உண்கிறாள். நம் வெட்கத்தை நாம் கட்டிக் கொடுத்து, அவள் கையால் அவிழ்க்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

புணேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் தாங்களே 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து வீடு வீடாகக் குப்பை எடுக்கிறார்கள். அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள், போதும் என்றார்கள். சிவப்புப் புள்ளி இருந்தால் அவிழ்க்க மாட்டோம். எவ்வளவு எளிமை! அந்த யோசனை குப்பையைத் தொட்டவர்களிடமிருந்து வந்தது. அதனால்தான் எளிமையாக இருக்கிறது. புதிய விதியில் இதற்கு நான்காவது இடம் ஒதுக்கியதை நான் நல்ல மாற்றம் என்று சொன்ன காரணம் இந்தக் கைகள்தான்.

ஒரு கேள்வி உங்கள் உதட்டில் நிற்கிறது, எனக்குத் தெரிகிறது. "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" நியாயமான கேள்வி. நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தவர்களிடம் அப்படி நடக்கவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிக் கொட்டும்போது வீட்டில் உழைத்த உழைப்பு ஒரு நொடியில் வீணாகிறது. கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபத்தோடு என்ன செய்கிறோம்? கூடையை ஒன்றாக்கிவிடுகிறோம். அது வேண்டாம் என்கிறேன். கூடை இரண்டாகவே இருக்கட்டும். வண்டியில் தடுப்பு எங்கே என்று தெருவே சேர்ந்து கேட்கட்டும். பிரிக்காத தெருவுக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறதா?

ஒன்றாகக் கொட்டினால் கடைசியில் எங்கே போகும்? குருமாம்பேட் பக்கம் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அந்தக் கிடங்கைச் சுற்றி வாழ்பவர்களும் புதுச்சேரிக்காரர்கள்தான். நாடு முழுவதும் இப்போது பழைய குப்பை மேடுகளைத் தோண்டிச் சலிக்கிறார்கள். என்ன கிடைக்கிறது? மண், கல், கிழிந்து மண் ஏறிய பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கை எந்தத் தராசும் வாங்காது. வீட்டு வாசலில் இருந்தபோது அது சரக்கு. சாம்பாரோடு சேர்ந்த நொடியில் சரக்கு என்ற பெயரை இழந்துவிட்டது.

முடியாது என்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். சத்தீஸ்கர் மாநிலத்தில் அம்பிகாபூர். பணக்கார ஊர் இல்லை. அங்கே சுயஉதவிக் குழுப் பெண்கள் ரிக்‌ஷா வண்டியில் வீடு வீடாகப் போய், பிரித்ததை வாங்கி, கூடத்தில் வைத்து மேலும் மேலும் பிரித்து விற்கிறார்கள். குப்பை மேடு இருந்த இடம் பூங்கா ஆகிவிட்டது. அந்த முறையை வகுத்துக்கொடுத்தவர் நம் பக்கத்துக்காரர், வேலூர் சீனிவாசன். வேலூரில் பிறந்த யோசனை சத்தீஸ்கர் வரை நடந்து போயிருக்கிறது. புதுச்சேரிக்கு வர வழி தெரியாதா என்ன?

நமக்கு அருகிலேயே ஆரோவில்லில் பிரிக்கும் கூடம் இருக்கிறது. 'வேஸ்ட்லெஸ்' என்ற அமைப்பு பிளாஸ்டிக் எண்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறது. நகரத்துக்குள்ளேயே, ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் நடக்கிறது. பனியன் தொழிலில் மிஞ்சும் பருத்திக் கழிவுதான் அதன் மூலப்பொருள். பூபெல் கந்தலையும் காகிதத்தையும் ஏன் ஒரு பெட்டியில் வைத்தார் என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். கந்தல் அங்கே காகிதமாகிறது. ஒரு நிபந்தனை: கந்தல் சுத்தமாக, தனியாக வந்து சேர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு பட்டியல். ஒரே பக்கம். புதுச்சேரி, உழவர்கரை இரண்டு நகராட்சிக்கும், கொம்யூன்களுக்கும் ஒரே வாசகம். நீளமான வாக்கியம் வேண்டாம். என்னைக் கேட்டால் தலைப்புகளை இப்படி வைப்பேன்: அழுகுவது, கைமாறுவது, சிவப்புப் புள்ளி வைப்பது, அபாயமானது. அதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அதை வையுங்கள். அதில் பால் பாக்கெட் இருக்க வேண்டும், பீட்சா பெட்டி இருக்க வேண்டும், பில் சீட்டு இருக்க வேண்டும். நம் வீட்டில் உண்மையில் இருக்கும் பொருள்கள் இருக்க வேண்டும். வாழைப்பழத் தோல் படமும் தண்ணீர் பாட்டில் படமும் மட்டும் போட்ட சுவரொட்டி போதாது. அவற்றில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பட்டியலை எழுதும் மேசையில் அதிகாரியோடு ஒரு பேப்பர் கடைக்காரரும், வண்டி தள்ளும் ஒருவரும், கூடத்தில் பிரிக்கும் ஒரு பெண்ணும் உட்கார வேண்டும். முன்பே எழுதிவிட்டு அவர்களிடம் காட்டுவதில் பயனில்லை. எழுதும்போதே உட்கார வேண்டும்.

நகராட்சிக்கு நாங்கள் அனுப்பும் மனு வாசலருகே இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். தெருப் பெயரையும் எழுதுங்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று எண்ணுவோம்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. பக்கவாட்டில் மூன்று கூடையும் ஒரு சிவப்புப் பேனாவும் வைத்த மேசை தெரிகிறதா? அங்கே நீலப் புடவையில் உட்கார்ந்திருப்பவர்தான் என் நோட்டுப் புத்தகத்தைச் சாம்பாரிலிருந்து எடுத்துக் காட்டிய அம்மா. காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலை முடித்துவிட்டு நமக்காக வந்திருக்கிறார். மேடையில் பேச மாட்டேன், கேட்டால் சொல்கிறேன் என்றார். கொண்டுவந்த பொருளை எடுத்துக்கொண்டு வரிசையாக அவரிடம் போங்கள். நான் இங்கே சொன்னதில் எதையாவது அவர் மாற்றிச் சொன்னால், அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். டியூப்லைட் தம்பி, நீ முதலில் போ. பார்த்து, மெதுவாக.